பிரமிடு, குவிமாடம், மறுபடியும் பிரமிடு: வளர்ச்சி நின்ற பிறகு ஒரு ஜெர்மானியத் தீவுக்கு நடப்பது

சிலிக்கான் தகட்டின் மேல் உயர் வெற்றிடத்தில் ஜெர்மானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படியவிட்டு, போதும் என்று நிறுத்தி, ஆறவைத்து, வெளியே எடுத்து அணு விசை நுண்ணோக்கியில் வைத்தால் திரையில் நானோ அளவு மேடுகள் தெரியும். ஆய்வாளர்கள் இவற்றைத் தீவுகள் என்கிறார்கள். சில, சதுர அடித்தளம் கொண்ட தட்டையான பிரமிடுகள். சில, பல முகங்களோடு எழுந்து நிற்கும் குவிமாடங்கள். படத்தைப் பார்த்ததும் ‘சரி, இப்படித்தான் வளர்ந்திருக்கிறது’ என்று முடிவுகட்டத் தோன்றும். அங்கேதான் சிக்கல். ஜெர்மானியம் வருவதை நிறுத்திய கணத்துக்கும் படம் எடுத்த கணத்துக்கும் நடுவில் தீவு சும்மா இருந்திருக்காது. பிரமிடு குவிமாடமாகியிருக்கலாம். குவிமாடம் திரும்பவும் பிரமிடாகியிருக்கலாம். பிறந்த இடத்தை விட்டே தள்ளிப் போயிருக்கலாம். இவை மூன்றும் சோதனைகளில் பதிவானவை.

கையில் இருக்கும் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு இந்த ஜெர்மானியம்–சிலிக்கான் ஜோடியை விடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. அதனால் இந்த ஆய்வு முழுவதும் இந்த ஒரு ஜோடியையே பின்தொடர்கிறது. கடைசியில் மட்டும் இண்டியம் ஆர்சனைடு என்ற இன்னொரு குறைக்கடத்தியின் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

தீவு ஏன் எழுகிறது

சிலிக்கானும் ஜெர்மானியமும் ஒரே வகைப் படிக அமைப்பு கொண்டவை. எந்த விகிதத்திலும் கலக்கும். வித்தியாசம் அளவில்தான். சிலிக்கானின் அணிக்கோவை மாறிலி (படிகத்தில் அணு அமைப்பு திரும்பத் திரும்ப வரும் இடைவெளி) 0.5431 நானோமீட்டர், ஜெர்மானியத்துக்கு 0.5658. கிட்டத்தட்ட 4.2 சதவீத வேறுபாடு. இதைத்தான் பொருந்தாமை என்பார்கள். சிலிக்கான் மேல் உட்காரும் ஜெர்மானிய அணுக்கள் கீழே உள்ள வரிசைக்கு ஏற்றபடி தம்மைக் குறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் மூன்று அணு அடுக்குகள் வரை இந்த நெருக்கத்தைத் தாங்கிக்கொண்டு சமமாகப் பரவும். அதற்கு மேல் வருவது மேடு கட்டத் தொடங்கும். முதலில் அடுக்கு, பிறகு தீவு என்ற இந்த முறைக்கு ஸ்ட்ரான்ஸ்கி–கிராஸ்டனோவ் வளர்ச்சி என்று பெயர். (1930களின் இறுதியில் அந்த இருவரும் யோசித்தது அயனிப் படிகங்களைப் பற்றி. அளவு பொருந்தாமையால் வரும் திரிபு அவர்கள் கணக்கிலேயே இல்லை. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.)

1990இல் இரண்டு செய்திகள் வந்தன. பெல் ஆய்வகத்தின் ஈகிள்ஷாமும் செருல்லோவும் இந்தத் தீவுகள் அணு வரிசை எங்கும் முறியாமலேயே எழ முடியும் என்று காட்டினார்கள். அதே ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மோ, லகாலி உள்ளிட்ட குழு, பரப்பை அணு அளவில் வருடிப் பார்க்கும் எஸ்டிஎம் நுண்ணோக்கியில் கூரை போட்ட குடிசை மாதிரி நீண்ட சிறு தீவுகளைக் கண்டது. அவற்றின் சரிவுகள் எல்லாமே (105) என்ற ஒரே வகைப் படிக முகங்கள் (அந்த எண், முகம் படிகத்தை எந்தச் சாய்வில் வெட்டுகிறது என்பதற்கான குறியீடு). அடித்தளத்தோடு 11.3 பாகைச் சாய்வு, அதாவது ஐந்துக்கு ஒன்று என்ற ஏற்றம்.

அளவு மனதில் நிற்க ஒரு கணக்கு. அடித்தளம் 40 நானோமீட்டர் கொண்ட சதுரப் பிரமிடை எடுத்துக்கொள்வோம். ஓரத்திலிருந்து நடுவுக்கு 20 நானோமீட்டர், ஏற்றம் ஐந்தில் ஒன்று, ஆக உயரம் 4 நானோமீட்டர். கன அளவு சுமார் 2,130 கன நானோமீட்டர். ஒரு கன நானோமீட்டரில் ஜெர்மானிய அணுக்கள் 44 இருக்கும். மொத்தம் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான அணுக்கள். படங்களில் உயர அச்சை இழுத்துப் பெரிதாக்கிப் போடுவதால் பிரமிடு கூர்மையாகத் தெரிகிறது. உண்மையில் அது பத்துக்கு ஒன்று என்ற அளவில் தட்டையான ஒரு மேடு.

குவிமாடம் இதைவிடச் செங்குத்தானது. (105) முகங்களோடு 25 பாகைச் சாய்வுள்ள (113) முகங்களும், 33 பாகையைத் தாண்டும் (15 3 23) முகங்களும் சேர்ந்திருக்கும். உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் பிரமிடைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

பிரமிடு ஏன் குவிமாடமாகிறது? தீவு எவ்வளவு செங்குத்தாக நிற்கிறதோ அவ்வளவுக்கு அதன் மேல்பகுதி பக்கவாட்டில் விரிந்து, குறுகிக் கிடந்த நெருக்கத்தை இறக்கி வைக்க முடியும். அதற்குக் கொடுக்கும் விலை, கூடுதல் பரப்பு. நெருக்கம் தளர்வதால் மிச்சமாகும் ஆற்றல் கன அளவோடு நேராக ஏறும். பரப்புச் செலவு கன அளவின் 2/3 என்ற கணித அடுக்காக மட்டுமே ஏறும். அதனால் சின்னத் தீவுக்குத் தட்டை வடிவமே லாபம். ஏதோ ஓர் எல்லை அளவைத் தாண்டியதும் செங்குத்து வடிவம் லாபம். இந்த எல்லை அளவு நிலையான எண் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் முழு வழக்கும் அதில்தான் நிற்கப்போகிறது.

1998இன் வாக்குவாதம்

ஒரே தகட்டில் பிரமிடும் குவிமாடமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அளவு வாரியாக எண்ணினால் இரண்டு தனித்தனிக் குவியல்கள் வந்தன. இதற்கு 1998இல் இரண்டு விளக்கங்கள் வெளியாயின.

ஹியூலெட்-பக்கார்டு ஆய்வகத்தில் மெடெய்ரோஸ்-ரிபெய்ரோ, ஸ்டான்லி வில்லியம்ஸ் ஆகியோர் இருந்த குழு, இது ஆற்றல் சமநிலையின் வேலை என்றது. பிரமிடுக்கு என்று ஓர் உகந்த அளவு, குவிமாடத்துக்கு என்று இன்னோர் உகந்த அளவு. தீவுகள் அந்தந்த இடத்தில் போய்த் தங்குகின்றன என்பது அவர்கள் வாதம். ஐபிஎம்மின் ஃபிரான்சிஸ் ராஸ், டெர்சாஃப், ட்ரோம்ப் மூவரும் இதை ஏற்கவில்லை. தீவுகள் எங்கும் தங்கவில்லை, ஒன்றை ஒன்று தின்றுகொண்டிருக்கின்றன, நாம் பார்ப்பது நடுவழியில் எடுத்த படம் என்றார்கள்.

அவர்கள் சொன்னதன் அடிப்படை ஆஸ்ட்வால்ட் முதிர்வு. பணம் பணத்தோடு சேரும் என்கிற கதைதான். சின்னத் தீவில் ஓர் அணு தங்குவதற்கு ஆகும் ஆற்றல் அதிகம், பெரிய தீவில் குறைவு. சின்னதிலிருந்து கழன்ற அணுக்கள் பரப்பில் அலைந்து பெரியதில் போய் ஒட்டும். சாதாரண முதிர்வில் இது படிப்படியாக நடக்கும். இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. எல்லை அளவைத் தாண்டி ஒரு பிரமிடு குவிமாடமானதும், அதில் ஓர் அணு தங்க ஆகும் ஆற்றல் சட்டென்று ஒரு படி இறங்குகிறது. அந்தக் கணம் முதல் சுற்றியுள்ள பிரமிடுகள் எல்லாம் அதற்குத் தீனி. நடுத்தர அளவுத் தீவுகள் நிலைக்க முடியாமல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடுகின்றன. இரண்டு குவியல்கள் உருவாக இதுவே போதும்.

என் பார்வையில் ஐபிஎம் தரப்புக்குப் பெரிய பலம் வாதத்தைவிட அவர்களிடம் இருந்த கருவி. அவர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு உள்ளேயே தீவுகளை வளர்த்து, வளரும்போதே படம் பிடித்தார்கள். மற்றவர்கள் நிறுத்தி, ஆறவைத்து, எடுத்துப் பார்த்ததை இவர்கள் சூட்டோடு சூடாகப் பார்த்தார்கள். 1999இல் ராஸ், ட்ரோம்ப், ராய்ட்டர் வெளியிட்ட முடிவில் மூன்று விஷயங்கள் இருந்தன. பிரமிடு ஒரே தாவலில் குவிமாடம் ஆகவில்லை. ஒரு பக்கம் மட்டும் செங்குத்தான முகம் முளைத்த, சமச்சீர் இல்லாத இடைநிலை வடிவங்கள் வழியாகப் போனது. வளர்ச்சியை நிறுத்திவிட்டுப் பிரமிடுகளை அதே சூட்டில் வைத்திருந்தபோதும் கிட்டத்தட்ட அதே மாற்றம் நடந்தது. மூன்றாவது விஷயத்தை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன்: அந்த இடைநிலை வடிவங்கள் வெப்பநிலையைச் சார்ந்தவை, ஆறவிடும்போது அவை குவிமாட வடிவத்துக்கு மாறிவிடுகின்றன, அந்த மாற்றம் மீளக்கூடியது.

அப்படியென்றால் அறை வெப்பத்தில் எடுத்த படத்தில் இடைநிலைகள் தெரியாமல் போனதற்குக் காரணம் அவை உருவாகாதது அல்ல, ஆறும்போதே கலைந்துபோனதாக இருக்கலாம். தகட்டை எவ்வளவு வேகமாக ஆறவைத்தோம் என்பதும் படத்தின் ஒரு பகுதியாகிவிட்டது.

இவ்வளவு சீக்கிரம் எப்படி

திடப்பொருள், அதுவும் உருகுநிலைக்கு மிகக் கீழே, ஆறுவதற்குள் எப்படி வடிவம் மாற்றும் என்று கேட்கலாம். விடை அளவில் இருக்கிறது. பரப்பில் அணுக்கள் நகர்ந்து ஒரு மேட்டைத் திருத்த ஆகும் நேரம், மேட்டின் நீளத்தின் நான்காம் அடுக்காக ஏறும். ஹெர்ரிங் 1950இலும் முல்லின்ஸ் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியிலும் நிறுவிய விதி இது. ஒரே வெப்பத்தில் 10 நானோமீட்டர் மேடு ஒரு விநாடியில் தேய்கிறது என்று வைத்துக்கொண்டால், அதே பொருளில் 1 மைக்ரான் மேடு தேயப் பத்துக் கோடி விநாடி, அதாவது மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். மைக்ரான் அளவில் பழகிய ஒருவர் ‘வடிவம் அப்படியே இருக்கும்’ என்று நம்புவது தப்பில்லை. நானோ அளவுக்கு அந்த நம்பிக்கையைத் தூக்கிவந்தால்தான் வில்லங்கம்.

வெப்பம் இதை எதிர்ப்பக்கம் இழுக்கும். ஓர் அணு நகரத் தாண்ட வேண்டிய தடை 1 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்தால், 600 டிகிரி செல்சியஸில் அதன் தாவல் வேகத்தோடு ஒப்பிட அறை வெப்பத்தில் லட்சம் கோடியில் ஒரு சில பங்குதான் மிஞ்சும். அதனால் ஆறி முடிந்த தகடு நடைமுறையில் உறைந்த தகடுதான். ஆபத்து, ஆறத் தொடங்கும் முதல் கட்டத்தில், இன்னும் சூடாக இருக்கும் சில நிமிடங்களில் இருக்கிறது.

(நான்காம் அடுக்கு விதிக்கும் வரம்பு உண்டு. அது வளைந்த, மென்மையான மேடுகளுக்கானது. தட்டையான முகங்கள் உள்ள படிகத்தில் புதிய அணு அடுக்கு தொடங்குவதே ஒரு தடை என்பதால் மாற்றம் இன்னும் மெதுவாகலாம். குத்துமதிப்புக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது.)

குவிமாடம் திரும்பப் பிரமிடு ஆனது

இதுவரை சொன்ன கதையில் திசை ஒன்றுதான்: தீவு பெரிதாகும், செங்குத்தாகும். அதே வெப்பத்தில் இன்னும் கொஞ்ச நேரம் வைத்தால் என்ன ஆகும்? 2000இல் ஹென்ஸ்ட்ராம், லியூ, கிப்சன், காமின்ஸ், வில்லியம்ஸ் ஆகியோர் பார்த்தது எதிர்த்திசையை. வளர்ச்சியை நிறுத்திய பிறகு சூட்டில் வைத்திருந்த குவிமாடங்கள் பிரமிடுகளாகத் திரும்பின. அளவு குறையவில்லை, வடிவம் மட்டும் பின்னோக்கிப் போனது.

காரணம் கீழே இருந்த சிலிக்கான். அது தீவுக்குள் ஏறிக் கலந்துவிட்டது. தூய ஜெர்மானியமாகப் பிறந்த தீவு, கொஞ்ச நேரத்தில் சிலிக்கான்–ஜெர்மானியக் கலவை. கலவையின் அணிக்கோவை சிலிக்கானுக்கு நெருக்கமானது, எனவே நெருக்கம் குறைவு.

அந்த எல்லை அளவு இங்கேதான் திரும்ப வருகிறது. நெருக்கத்தால் சேரும் ஆற்றல் பொருந்தாமையின் இருமடிக்கு ஏற்ப மாறும். பரப்புச் செலவோடு அதைச் சமன் செய்தால், எல்லைத் தீவின் அகலம் பொருந்தாமையின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் வரும். கன அளவு ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் வரும். ஆறாம் அடுக்கு என்பது சாதாரண விஷயமல்ல. தீவில் பாதிக்குப் பாதி சிலிக்கான் கலந்து பொருந்தாமை 4.2 சதவீதத்திலிருந்து 2.1க்கு இறங்கினால், எல்லை அகலம் நான்கு மடங்காகவும் எல்லைக் கன அளவு 64 மடங்காகவும் ஏறும். நேற்று வரை எல்லையைத் தாண்டி நின்ற குவிமாடம் இன்று எல்லைக்கு வெகு கீழே கிடக்கிறது. அதற்குச் செங்குத்தாக நிற்க இனி காரணமே இல்லை. பிரமிடாகப் படுத்துவிடுகிறது.

இது கைக்கு ஒரு சோதனையையும் தருகிறது. தூய ஜெர்மானியப் பிரமிடுக்கு ஓர் அளவு வரம்பு உண்டு, அதற்கு மேல் அது குவிமாடமாகிவிடும். அந்த வரம்பை விடப் பெரிய பிரமிடு படத்தில் தெரிந்தால், அது தூய ஜெர்மானியமாக இருக்க வாய்ப்பில்லை. ஒன்று வளரும்போதே கலந்திருக்கிறது, அல்லது வளர்ந்த பிறகு. உயர-அகல விகிதமும் முகச் சாய்வும் தூய பிரமிடிலும் கலந்த பிரமிடிலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் வடிவத்தை மட்டும் பார்த்துக் கலந்ததா என்று சொல்ல முடியாது. அளவுதான் காட்டிக்கொடுக்கும்.

சிலிக்கான் எந்த வழியாக ஏறியது என்பது தனிக் கேள்வி. தீவின் அடிவழியாக நேராக மேலே ஊறியது என்பது எளிதில் தோன்றும் விடை. ஆனால் இந்த வெப்பநிலைகளில் படிகத்தின் உட்புறத்தில் அணுக்கள் நகர்வது மிகமிக மெதுவு. வேகமான வழி பரப்புதான். தீவைச் சுற்றிய தரையிலிருந்து சிலிக்கான் கழன்று, பரப்பு வழியாக வந்து தீவின் மேல் படிகிறது. குவிமாடங்களைச் சுற்றி அகழி போல ஒரு பள்ளம் காணப்படுவதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம்.

இதை உறுதி செய்ய அழகான ஓர் உத்தி இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசல், ஜெர்மானியம் ஏறக்குறைய 65 சதவீதத்துக்கு மேல் உள்ள கலவையை மட்டும் அரித்து எடுக்கும். சிலிக்கான் மிகுந்த பகுதியை விட்டுவிடும். தீவை அதில் முக்கி எடுத்து மறுபடி நுண்ணோக்கியில் பார்த்தால், எங்கே எவ்வளவு கலந்திருந்தது என்று மிஞ்சிய எலும்புக்கூடு சொல்லிவிடும். தீவை முழுவதுமாகக் கரைத்துவிட்டால் அடியில் இருந்த தரையின் தடம் கிடைக்கும்.

அப்படித் தரையைப் பார்த்தபோதுதான் 2005இல் டெங்கர், ரஸ்டெல்லி, ஷ்மிட் முதலானோரின் குழுவுக்கு, ஷ்டுட்கார்ட்டின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில், எதிர்பாராத ஒன்று கிடைத்தது. சூட்டில் வைத்திருந்த தீவுகள் பக்கவாட்டில் நகர்ந்திருந்தன. ஒரு பக்கத்திலிருந்து பொருள் கழன்று, பரப்பு வழியாக மறுபக்கம் போய், வழியில் சிலிக்கானைச் சேர்த்துக்கொண்டு அங்கே படிந்திருக்கிறது. நகர நகரத் தீவு பெரிதாகவும் நீர்த்தும் போகிறது. மேலிருந்து எடுத்த படத்தில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் நகர்ந்து முடித்த தீவும் ஒழுங்கான தீவாகத்தான் காட்சியளிக்கும்.

எனக்கு இந்த நிகழ்வில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். தீவு தானாக உருளவில்லை, எதுவும் தள்ளவும் இல்லை. கலக்க வேண்டும் என்ற ஆற்றல் சாதகம் ஒன்று இருக்கிறது. உட்புற வழி அடைபட்டிருக்கிறது. கலப்பதற்காகத் தன்னையே ஒரு பக்கம் பிரித்து மறுபக்கம் கட்டுகிறது.

மூடும்போது நடப்பது

தீவை அப்படியே திறந்து வைத்திருப்பது ஆய்வுக்குச் சரி. கருவியில் போட வேண்டுமானால் மேலே சிலிக்கான் அடுக்கு போட்டு மூடியாக வேண்டும். மூடினால் பாதுகாப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2001இல் ரஸ்டெல்லி, கும்மர், ஃபான் கேனல் காட்டியது வேறு: சிலிக்கான் விழத் தொடங்கியதுமே குவிமாடம் பிரமிடாகிறது, பிரமிடு இன்னும் தட்டையாகிப் படிப்படியான மேடாகிறது. வளர்ந்த படிகளையே தலைகீழ் வரிசையில் இறங்கி வருகிறது. மேலிருந்து வரும் சிலிக்கான் தீவோடு கலந்து பொருந்தாமையைக் குறைக்கிறது. மிச்சத்துக்கு மேலே சொன்ன ஆறாம் அடுக்குக் கணக்கே போதும். அதனால் மூடிய பிறகு குறுக்குவெட்டில் தெரியும் தட்டையான தீவைப் பார்த்து ‘வளர்த்ததே தட்டையாக’ என்று எழுதுவது அவசரம். மூடும்போது தகட்டின் வெப்பத்தை நன்றாக இறக்கினால் அணுக்கள் நகர நேரமின்றி வடிவம் பெரும்பாலும் தப்புகிறது. அதற்கு ஈடாக, குளிர்ந்த பரப்பில் விழும் சிலிக்கான் அடுக்கின் படிகத் தரம் கொஞ்சம் குறையலாம். இரண்டில் எது முக்கியம் என்பது என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்தது.

படத்தைக் கையில் வாங்கியதும் கேட்க வேண்டியவை

நடைமுறையில் நான் முதலில் கேட்பது படிந்த அளவைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ அல்ல. ஜெர்மானியம் வருவதை நிறுத்திய பிறகு தகடு எத்தனை நிமிடம் அதே சூட்டில் இருந்தது, சூடேற்றியை உடனே அணைத்தீர்களா, மெதுவாக இறக்கினீர்களா? பல அறிக்கைகளில் வளர்ச்சி வெப்பநிலை துல்லியமாக இருக்கும், ஆறிய விதம் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அடுத்தது, சரிபார்க்க இரண்டாவது மாதிரி உண்டா என்பது. அதே அளவு படியவிட்டு, ஒன்றை உடனே ஆறவைத்து, இன்னொன்றைச் சில நிமிடம் சூட்டிலேயே வைத்து, இரண்டின் படங்களையும் அருகருகே போட்டால் எது வளர்ச்சியின் வேலை, எது பின்னால் நடந்தது என்று பாதி தெரிந்துவிடும். மீதிக்கு அரிப்புச் சோதனை இருக்கிறது. வசதி இருந்தால் எக்ஸ்ரே விளிம்பு விலகலில் அணிக்கோவை அளவைப் பார்க்கலாம். கலப்பின் அளவை அதிலிருந்து மதிப்பிடலாம்.

அணு எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பதும் எளிய, ஆனால் பலர் தாண்டிப்போகும் வேலை. படத்தில் தெரியும் எல்லாத் தீவுகளின் கன அளவையும், அடியில் உள்ள மூன்று அடுக்குகளையும் கூட்டுங்கள். படியவிட்ட ஜெர்மானியத்தை விட அதிகம் வந்தால், மிகையாக இருப்பது தரையிலிருந்து வந்த சிலிக்கான்.

அதே குணத்தை வேலைக்கு வைத்தவர்கள்

இண்டியம் ஆர்சனைடு–கேலியம் ஆர்சனைடு ஜோடியில் பொருந்தாமை சுமார் 7 சதவீதம். ஒன்றரை அடுக்கைத் தாண்டியதுமே தீவுகள் எழும். இங்கே ஆய்வாளர்கள் பின்மாற்றத்தோடு சண்டை போடுவதை விட்டு, அதையே கருவியாக்கினார்கள். சாண்டா பார்பராவில் கார்சியா, பெட்ராஃப் முதலானோர் 1997இல் செய்தது: தீவை முழுவதுமாக மூடாமல், சில நானோமீட்டர் கேலியம் ஆர்சனைடு மட்டும் போட்டு, உச்சி வெளியே தெரிய விட்டு, சற்று நேரம் சூட்டில் வைத்தார்கள். உச்சியிலிருந்த இண்டியம் வெளிப்பக்கமாக வழிந்து போய், நடுவில் குழி விழுந்து, தீவு வளையமானது. 2000இல் லோர்கே உள்ளிட்டோர், அப்படிப்பட்ட வளையத்தில் அடைபட்ட எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் வளையத்துக்கே உரிய விதத்தில் நடந்துகொள்வதை அளந்தார்கள்.

கனடாவின் தேசிய ஆய்வுக் கழகத்தில் வசிலேவ்ஸ்கி, ஃபாஃபார்ட் குழு 1999இல் வெளியிட்டது இன்னும் நேரடியான உத்தி. குறித்த உயரம் வரை மூடு, பிறகு வெப்பத்தைச் சட்டென்று ஏற்று. மூடாமல் நீட்டிக்கொண்டிருக்கும் இண்டியம் ஆவியாகிப் போகும், மூடிய பகுதி மிஞ்சும். உயரம் முன்னே பின்னே இருந்த தீவுகள் எல்லாம் ஒரே உயரத்துக்கு வெட்டப்பட்டுவிடும். எலக்ட்ரான்களை அடைத்துவைக்கும் இப்படிப்பட்ட நானோ தீவுக்குக் குவாண்டம் புள்ளி என்று பெயர். அது உமிழும் ஒளியின் நிறத்தை அதன் உயரம்தான் பெருமளவு தீர்மானிக்கிறது. எனவே எந்த நிறம் வேண்டுமோ அதற்கேற்ற மூடு தடிமனைப் போட்டால் போதும். இண்டியம் ஃப்ளஷ் என்ற பெயரில் குவாண்டம் புள்ளி வளர்ப்பவர்கள் அதை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.